ரயில் போன வழியில் சைக்கிள்: சிங்கப்பூர்க் காட்டுக்குள் முதல் பயணம்

சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குத்தான் அனுப்பி வைப்பார்கள். காட்டு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் பழகினவங்க போற இடம்" என்பார்கள். பத்து வருடங்களுக்கு மேலாக வாரம் ஒருமுறையாவது அந்தக் காட்டு வழிகளில் ஓட்டுகிறேன். சைக்கிளே பழகாத என் தங்கை கணவரை, என் அம்மாவின் தோழியை, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பிகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: இந்தத் தீவில் புதியவர் ஒருவர் தொடங்குவதற்கு ஏற்ற வழி கடற்கரையைவிடக் காட்டுக்குள்தான் இருக்கிறது. அது பழைய மலாயா ரயில் ஓடிய தடம். இப்போது அதை ரயில் காரிடார் என்கிறோம்.

காரணம் எளிது. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுவதால் சரிவு கொஞ்சம் கூடினாலும் பிடிமானம் போய்விடும். அதனால் அன்று பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள், சாலை குறுக்கே வந்த இடத்தில் இரும்புப் பாலம் கட்டித் தாண்டினார்கள். புக்கிட் தீமா குன்றின் 163 மீட்டர் உச்சி பக்கத்திலேயே நிற்கும்; உங்கள் காலுக்கு அது தெரியவே தெரியாது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவும் கிடையாது. மரம், புல், பறவைச் சத்தம், எதிரே நடந்து வரும் மனிதர்கள், அவ்வளவுதான்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை தெற்கு வடக்காகத் தீவையே கீறிக்கொண்டு போகும் இந்தத் தடத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை மலேசியாவின் ஜோகூர் மாநிலச் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாள் ஜூலை 1 அன்று, அதுவரை மலேசிய ரயில்வேயிடம் இருந்த நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளத்தின் பெரும்பகுதியைக் கழற்றினார்கள், தடத்தைப் பசுமையாகவே விட்டார்கள். அந்த நிலத்தில் வீடு கட்டாமல் விட்டதற்கு ஒவ்வொரு முறை போகும்போதும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வண்டி

புது வண்டி வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. என் முதல் வண்டி 120 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய பழைய வண்டி. மூன்று வருடம் உழைத்தது. காட்டு வழிக்கு முக்கியமானவை இரண்டே: டயர், பிரேக். ரயில் காரிடாரின் பெரும்பகுதி இறுக்கிய சரளையும் மண்ணும், ஓரத்தில் புல். ஊசி மாதிரி மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் அங்கே ஆடும். 32 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் இருந்தால் நிம்மதி. காற்றை இறுக்கி அடிக்க வேண்டாம்; டயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் குறைந்த அளவுக்குச் சற்று மேலே இருந்தால் சரளையில் குலுக்கல் குறையும்.

பிரேக்கை வீட்டு வாசலிலேயே சோதியுங்கள். வண்டியை நிறுத்தி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் லேசாகத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு வர வேண்டும். வேலை செய்யும் பிரேக் இல்லாத வண்டியைப் பாதையில் ஓட்டுவது இங்கே சட்டப்படியும் குற்றம்.

சீட் உயரத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மிதிகட்டை அடிப்பக்கம் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முட்டி வலிக்கிறது என்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

வண்டியே இல்லையென்றால் எனிவீல், ஹலோரைட் மாதிரியான பகிர்வு சைக்கிள்கள் இருக்கின்றன. கனமானவை, ஆனால் முதல் முறைக்குப் போதும். முடித்ததும், சைக்கிள் நிறுத்துவதற்காக வரைந்திருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டைச் செயலியில் ஸ்கேன் செய்ய வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். காட்டுக்கு நடுவே மஞ்சள் கட்டம் இருக்காது என்பதால், எங்கே கொண்டுபோய் விடுவது என்று கிளம்பும்போதே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் என் யோசனை மடக்கு சைக்கிள். சாதாரண சைக்கிளை எம்ஆர்டி எனும் நகர ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். மடக்கியபின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் வண்டியை ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோகலாம். ரயிலில் முதல் பெட்டி அல்லது கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். பேருந்தில் ஒரு நேரத்தில் ஒரு மடக்கு வண்டிக்குத்தான் இடம். மூன்று பேர் சேர்ந்து போனால் ரயில்தான் வழி. காட்டிலிருந்து திரும்பும்போது சக்கரம் சேறாக இருந்தால் ஒரு பழைய துணிப்பையில் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரின் வேட்டியோ சேலையோ அழுக்காகக் கூடாது.

எந்த நேரம், என்ன கொண்டு போவது

இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். ஏழேகாலுக்கு மிதிக்கத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு நிழலிலும் புழுக்கம் அழுத்தும். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். ஆறரைக்கே கிளம்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ரயில் காரிடாரில் பல பகுதிகளில் விளக்குக் கம்பமே கிடையாது. புதியவர்கள் இருட்டில் போகவே வேண்டாம் என்பேன்.

முடிந்தால் வாரநாள் காலை போங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள், ஓட்டக்காரர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் என்று பாதை நிறைந்துவிடும். அது அவர்களுக்கும் உரிய பாதைதான். ஓட்டப் பழகும் நமக்குத்தான் சிரமம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க அடைமழையும் உண்டு. இடையில் விடியற்காலையில் சுமத்ராக் காற்று என்று ஒன்று வரும், அரை மணி நேரத்தில் மரக்கிளையை முறித்துப் போட்டுவிட்டுப் போகும். நானும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். முதல் நாள் இரவெல்லாம் மழை, காலையில் வெயில் அடித்ததும் கிளம்பிவிட்டேன். சேறு மேலே காய்ந்த மாதிரி இருந்தது. வளைவில் முன் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் வழுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. அன்றிலிருந்து, பெருமழை பெய்தால் ஒரு நாள் விட்டுத்தான் போகிறேன். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் செயலியில் மழை எங்கே நகர்கிறது என்று வரைபடமாகவே தெரியும். கிளம்பும் முன் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பக்கத்து எம்ஆர்டி நிலையத்துக்கோ சாலையோரக் கட்டடத்துக்கோ போய்விடுங்கள்.

பைக்குள் என்ன வைப்பது? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கலந்தது. கடையில் வாங்குவதென்றால் 100 பிளஸ் என்ற பானம். ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்ப், அறுகோணச் சாவிக் கொத்து. பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் இவற்றை வைத்திருங்கள். பின்னால் வரும் யாராவது நிச்சயம் நின்று உதவுவார்கள், ஆனால் உங்கள் சக்கர அளவுக்கு டியூப் அவர்களிடம் இருக்காது. கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், டெங்கி இங்கே விளையாட்டில்லை. ஹெல்மெட் சாலையில்தான் சட்டப்படி கட்டாயம், பாதையில் இல்லை. இருந்தாலும் போடுங்கள். நான் விழுந்த அன்று போட்டிருந்தேன்.

முதல் நாள்: கிங் ஆல்பர்ட் பார்க்கிலிருந்து ஹில்வியூ வரை

எம்ஆர்டியின் டவுன்டவுன் தடத்தில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் கூப்பிடு தூரம். தடம் சாலையைவிட உயரத்தில் இருப்பதால் மேலே ஏறி வர வேண்டியிருக்கும். அந்த ஒரு ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

வந்தவுடன் மிதிக்கத் தொடங்க வேண்டாம். நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். 1932இல் கட்டியது, சிறிய செங்கல் கட்டடம். செப்பனிட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் இரு திசை ரயில்களும் ஓடியதால், அவை ஒன்றுக்கொன்று வழிவிட்ட இடம் இது. இந்தத் துண்டில் போக உரிமை உண்டு என்பதற்கு அடையாளமாக ஒரு உலோக வில்லையை நிலையத்தார் கையில் பெற்றுக்கொண்டுதான் ஓட்டுநர் ரயிலை நகர்த்துவார். அந்த முறை 2011 வரை இங்கே நடைமுறையில் இருந்தது. ஒரு நாள் காலை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம், "தம்பி, எங்கப்பா இந்த லைன்லதான் வேல பாத்தாரு. ராத்திரி மழையில கட்ட நவுந்திருக்கான்னு விளக்கெடுத்துட்டுப் போவாரு" என்றார். மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். நாம் மூச்சு வாங்காமல் மிதிக்கும் இந்தச் சமதளத்தில் அவர்கள் கைவேலை இருக்கிறது. ஐயாவிடம் நான் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது, அப்புறம் அவரைப் பார்க்கவேயில்லை.

நிலையத்திலிருந்து வடக்கே திரும்பினால் முதலில் வருவது இரும்புப் பாலம். கீழே புக்கிட் தீமா சாலையும் டனர்ன் சாலையும் ஓடும். படம் எடுக்க நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், இறங்கித் தள்ளுங்கள். பாலம் தாண்டியதும் சாலைச் சத்தம் மெல்ல அடங்கும். வலப்பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி தொடங்குகிறது. 163 ஹெக்டேர்தான், ஆனால் இந்தத் தீவில் மிஞ்சியிருக்கும் ஆதிக் காட்டின் துண்டு அதற்குள் இருக்கிறது. காலை வேளையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் காட்டுச் சேவல் கூவுவதைக் கேட்காமல் வரமாட்டீர்கள். மரக்கிளையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது பலாப்பழத்து மூட்டை மாதிரி இருந்தால் நிறுத்தி நன்றாகப் பாருங்கள். பறக்கும் லெமூர் என்று சொல்லப்படும் கொலுகோவாக இருக்கலாம். பகலில் அசையாது.

இந்த இடத்தில் எப்படி ஓட்டுவது? கியரை இலேசாக வைத்து நிமிடத்துக்கு அறுபது, எழுபது சுற்று மிதியுங்கள். பலத்தைக் கொடுத்து அழுத்தி மிதிக்கும் பழக்கம் வேண்டாம். பார்வை சக்கரத்தின் முன்னால் இல்லாமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சரளையில் வண்டி கொஞ்சம் ஆடும், அதை ஆட விட்டால் தானே நேராகிவிடும். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் நாள் முழுக்கத் தாங்கும் வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

வழியில் இரண்டாவது இரும்புப் பாலம் மேல் புக்கிட் தீமா சாலைக்கு மேலே போகிறது. அதை ஒட்டி ரயில் மால் கடைத்தெரு. காலை உணவுக்கு அங்கே இறங்கலாம்; நான் திரும்பும்போதுதான் சாப்பிடுவேன், போகும்போது சாப்பிட்டால் வயிறு கனத்துவிடும். அங்கிருந்து சற்று மிதித்தால் ஹில்வியூ சாலை. புக்கிட் தீமா நிலையத்திலிருந்து இதுவரை 4 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் எட்டு. முதல் நாளுக்கு எட்டு போதும், நிஜமாகவே போதும். உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதால்தான் அடுத்த வாரம் மறுபடி போகத் தோன்றுகிறது.

இந்தத் துண்டை முதலில் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. டவுன்டவுன் தடம் கூடவே வருகிறது: கிங் ஆல்பர்ட் பார்க், பியூட்டி வோர்ல்ட், 2025இல் திறந்த ஹியூம், அப்புறம் ஹில்வியூ. டயர் வெடித்தாலும் தலை சுற்றினாலும் மழை வந்தாலும், மடக்கு வண்டி வைத்திருப்பவர் சீக்கிரமே ஒரு நிலையத்துக்குள் போய்விடலாம். நேரமும் மனமும் இருந்தால் மேல் புக்கிட் தீமா சாலையில் உள்ள ஸ்ரீ முருகன் மலைக் கோயிலுக்கும் போய்விட்டுத் திரும்பலாம்.

பாதையில் நடந்துகொள்வது

பூங்கா இணைப்புப் பாதையிலும், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போகும் பகிர்வுப் பாதையிலும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். சைக்கிள் அனுமதிக்கப்பட்ட நடைபாதையில் 10. ஆனால் காரிடாரில் புதியவர் 15க்கு மேல் போகத் தேவையே இல்லை. இடப்பக்கம் ஓட்டுங்கள். முன்னால் நடப்பவரைத் தாண்டும்போது தூரத்திலேயே ஒருமுறை மணியடித்து, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கமாகப் போங்கள். காதருகில் போய் அடிக்காதீர்கள். வயதானவர்கள் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் குறுக்கே வந்துவிடுவார்கள். தாண்டும்போது ஒரு "தேங்க்யூ அங்கிள்" சொன்னால் முகம் மலரும். நாயோடு வருபவரைக் கண்டால் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள், கயிறு தெரியாமல் நீண்டிருக்கும். சாலை குறுக்கிடும் இடங்களில் நின்று, இரு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது.

குரங்குகளைப் பற்றிக் கேட்காத புதியவரே இல்லை. நீள்வால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. அதை யாரோ பழக்கியதன் பலன். உணவை முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள், முன்கூடையில் தொங்கவிடாதீர்கள். அவை வழியில் உட்கார்ந்திருந்தால் இறங்கி, கண்ணோடு கண் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், அமைதியாகத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஒரு கடலை கூடப் போடாதீர்கள். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க முடியும். அதைவிட, மனிதரிடம் பறிக்கப் பழகிய குரங்கைப் பற்றிப் புகார் குவிந்தால் கடைசியில் உயிரை இழப்பது அந்தக் குரங்குதான். பாம்பு குறுக்கே வந்தால் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று காத்திருங்கள், அது போய்விடும். காட்டுப்பன்றி குட்டிகளோடு நின்றால் முன்னேற வேண்டாம், மெதுவாகப் பின்வாங்குங்கள். உடும்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நம்மைவிட அதற்குத்தான் அவசரம்.

அடுத்த படி

எட்டு கிலோமீட்டரை மூன்று நான்கு முறை ஓட்டியபின் நீட்டலாம். தெற்கே ஸ்பூனர் சாலையிலிருந்து வடக்கே கிராஞ்சி எம்ஆர்டி வரை காரிடாரில் 21 கிலோமீட்டர் தொடர்ச்சியாகப் போகலாம். ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பாதி ஹில்வியூவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வழியாகக் கிராஞ்சிக்குப் போகிறது. நிழல் குறைவு, வெயில் முகத்தில் அடிக்கும், சீக்கிரம் கிளம்புங்கள். மழைக்குப் பிறகு இங்கேதான் சேறு அதிகம் நிற்கும். கிராஞ்சியில் முடித்தால் இரண்டாம் உலகப் போர் நினைவிடம் பக்கத்தில்தான். அங்குள்ள சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் பத்தி பத்தியாக வரும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் உள்ளே போய் வாருங்கள்.

தெற்குப் பாதியில் காடு குறைந்து ஊர் கூடவே வரும். புவன விஸ்தா, டாங்ளின் ஹால்ட், குவீன்ஸ்டவுன் என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் முதுகுப்புறமாகப் போகும். காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்கு இங்கிருந்து போகலாம். 1932இல் தண்டவாளத்தை ஒட்டிச் சிறு குடிலாக எழுந்து, ரயில்வே ஊழியர்கள் கும்பிட்ட சாமி அது. 1998இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. கோயிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்கில் இருப்பவர்கள் பொங்கோலிலிருந்து கோனி தீவுக்குப் போகலாம். நீர்வழியை ஒட்டிய பூங்கா இணைப்பில் கிளம்பி, சவுக்கு மரங்களுக்கு நடுவே செம்மண் மாதிரியான பாதையில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டலாம். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள 26 கிலோமீட்டர் வடகிழக்கு ஆற்றோர வளையம் நீண்ட தூரம் பழக நல்ல இடம். மேற்கே ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டருக்கு ஒரு கரையிலிருந்து மறுகரை செல்லும் பாதையும் போட்டிருக்கிறார்கள். அதில் சாலை கடக்கும் இடங்கள் நிறைய. தொடக்கத்திலேயே அங்கே போகாதீர்கள்.

உபின் ஒரு நாள்

நீண்ட பயணத்துக்குப் பழகுவதென்றால் புலாவ் உபின் தீவுதான். சாங்கி முனைப் படகுத்துறைக்குத் தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து போகும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், நேர அட்டவணை கிடையாது. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். ரொக்கம் கொண்டுபோங்கள், சில்லறையாக. கிளம்புமுன் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள், தீவில் கடைகள் படகுத்துறைப் பக்கம் மட்டுமே.

உபினிலேயே வாடகை வண்டி கிடைக்கும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நான் மேலே சொன்ன பிரேக் சோதனையை அங்கே கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், கியர் மாற வேண்டும், செயின் துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் பார்க்காமல் எடுத்த வண்டியின் பின் பிரேக் கேபிள், முதல் இறக்கத்திலேயே அறுந்தது. நல்ல வேளையாக முன் பிரேக் இருந்தது. உபின் ரயில் தடம் இல்லை. அங்கே உண்மையான ஏற்ற இறக்கம் உண்டு. இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை நிற்கும் சரிவுகளில் இறங்கித் தள்ளுங்கள். அந்தச் சரிவுகளில் விழுந்து பலருக்கு எலும்பு முறிந்திருக்கிறது. தீவுக்காரர்களின் வேன்கள் சில ஓடுகின்றன, வளைவில் இடப்பக்கத்தை விடாதீர்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள், உடம்பைப் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

முதல் முறை போகிறவர் கிழக்கே செக் ஜாவா சதுப்பு நிலம் வரை போய்வந்தால் போதும். மரப்பலகை நடைபாதையில் சைக்கிளுக்கு இடமில்லை. முகப்பில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடையில் சாப்பாட்டை விட்டுப் போகாதீர்கள், குரங்கும் பன்றியும் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே 2001இல் கடலை மண் கொட்டித் தூர்க்க இருந்தார்கள். மக்கள் போய்ப் பார்த்து, அங்குள்ள உயிர்களைப் பதிவுசெய்து எடுத்துச் சொன்னபின் திட்டம் கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் நண்டும் சேற்றுத் தாவி மீனும் காலடிக்குக் கீழேயே தெரியும். வற்றும் நேரம் எப்போது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பழைய கருங்கல் சுரங்கக் குட்டைகளின் ஓரம் கொஞ்சம் நில்லுங்கள். பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இந்தத் தீவின் கல்தான் போனது. இப்போது அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, மேலே இருவாட்சிப் பறவைகள் பறக்கின்றன. மேற்குப் பக்கம் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா இருக்கிறது. மண் மேடு, கல், திடீர் இறக்கம் எல்லாம் உண்டு. அரை வருடம் பழகிய பிறகு போங்கள்.

அதே மாதிரி, தீவின் நடுவே செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் 8.2 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் தடம் இருக்கிறது. அதுவும் பழகியபின்தான். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் நடைவழிகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே போகாதீர்கள். ஒற்றை ஆள் நடக்கும் அகலம்தான். வேர்கள் வெளியே கிடக்கும் மண்ணைச் சக்கரம் அறுத்துவிட்டால் அடுத்த மழையில் கரைந்து போகும்.

உபினிலிருந்து படகு நாலு, நாலரைக்குள் பிடியுங்கள். மாலையில் கூட்டம் சேரும், இருட்டினால் படகு கிடைப்பது கடினம். ஆபத்தான காயம் என்றால் 995. அருகில் இருக்கும் தடப் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் எந்த நுழைவாயிலுக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்ததும்

குளிப்பதற்கு முன் வண்டியைக் கவனியுங்கள். உபினில் உப்புக் காற்று, காரிடாரில் சரளைத் தூசி. இரண்டும் செயினைத் தின்னும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், சக்கர நடுவிலுள்ள கிரீஸ் போய்விடும். ஈரத் துணியால் சட்டத்தைத் துடைத்து, பழைய பல்தேய்ப்பானால் செயினைத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெயில்தான் அடுத்த முறை தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், பிசுக்கேறி இறுகிவிடும். வீவக நடையோரத்தில் நிறுத்துகிறவர்கள் பக்கத்து வீட்டார் நடக்க வழி விட்டு நிறுத்துங்கள். டயர் வெட்டுகளில் சிறு கல் செருகியிருந்தால் சாவியால் நெம்பி எடுத்துவிடுங்கள். பஞ்சர் பெரும்பாலும் அடுத்த பயணத்தில் அந்தக் கல்லால்தான் வருகிறது.